பின்பக்கம்

சுங்கச்சாவடியை எதிர்த்துக் கூட்டம்.
ஆள் ஏற்ற என் வண்டியைத்தான் கேட்டார்கள்.
முந்தின நாள் சாளை ஏற்றின வண்டி.
அரைக்கட்டி சோப்பு போட்டுக் கழுவியும்
வாடை போகவில்லை.
"பரவாயில்ல பெர்க்மான்ஸ்,
மக்க பிரச்சனைதானே" என்றார் செயலாளர்.

முட்டத்திலிருந்து இருபத்திரண்டு பேர், எட்டுக் கொடி.
இந்தப் பக்கம் போலீஸ் அனுமதி இல்லையாம்.
மேடை
சுங்கச்சாவடி தாண்டி.

வரிசையில் நின்றோம்.
ஆரல்வாய்மொழிக் காற்று
எல்லார் வேட்டியையும் சோதனை போட்டது.
கோஷத்துக்குத் தொண்டையைச் செருமினான் சகாயராஜ்.
அதற்குள்
கண்ணாடியில் ஒட்டின பட்டையைப் பார்த்து
கருவி ஒருதடவை கூவிற்று.
தடி எழுந்து வழிவிட்டது,
மிகுந்த மரியாதையோடு.

மேடையில் ஒருவர்
டெல்லியைக் கேளுங்கள் என்றார்.
போன வருசம் வேறொருவர்
கோட்டையைக் கேளுங்கள் என்றதும்
இதே மைக்செட்டில்தான்.

சிசிலி அக்கா என் காதருகில் கேட்டாள்:
"டோலுக்குன்னு நீ கூலியில கூட்டுன.
நான் அத மீன்ல கூட்டுதேன்.
வாங்குதவ மொறைக்கா.
அவ எதுலடே கூட்டுவா?"

கைதட்டல் எழுந்தது.
அவளுக்கில்லை.

திரும்பும்போது மறுபடி கூவல்,
கொஞ்சம் குறைந்த தொகைக்கு.
பிரியாணி வரவில்லை.
வண்டி வாடகை அடுத்த வாரம் என்றார்கள்.
போராட்ட நிதிக்கு மட்டும்
நூறு ரூபாய் கையோடு வாங்கிக்கொண்டு
ரசீது கொடுத்தார்கள்.

ராத்திரி
அதன் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன்.
டீசல்.
சோப்பு.
டோல்.
டோல்.
நன்கொடையை எழுதவில்லை,
அது முன்பக்கத்திலேயே
அச்சடித்துக் கிடக்கிறது.