அடிக்குறிப்பு 14

மழை.
பெர்கனில் அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
வாசலில் குடைகள் குவிந்து சொட்ட
மூன்றாம் மாடி அரங்கில் எண்பத்தொரு பேர்
கழுத்தில் பெயர் தொங்க உட்கார்ந்திருந்தோம்.
முப்பது வருடமாய் நாங்கள் ஆராய்வது ஒன்றைத்தான்:
ஒரு சொல்லைத் தொட்டால்
இன்னொரு பக்கம் ஏன் திறக்க வேண்டும்,
திறக்காவிட்டால் அது யார் குற்றம்.

குற்றப்பத்திரிகை போல வாசித்தார் ரன்வைக் ட்வைடன்:
"நம்முடைய கட்டுரைகளையே எடுத்துக்கொண்டேன்.
தொடுப்புகளைப் பற்றி நாம் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு.
அவற்றுக்குள் மூவாயிரத்துச் சொச்சம் தொடுப்புகள்.
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன், பல் மருத்துவர் மாதிரி.
மூன்றுக்கு இரண்டு செத்துவிட்டன."
அரங்கம் சிரித்தது.
பிராகிலிருந்து வந்திருந்தவர் மட்டும்
மடிக்கணினியைத் திறந்து அவசரமாய் எதையோ தேடினார்.
முகம் சொன்னது:
அவருடையதும்.

அவருடையதும் என்னுடையதும் பட்டியலில் இருந்தன.
இடைவேளையில்
இலவங்கப்பட்டை ரொட்டியும் காபியுமாய்
பழைய சண்டையை யாரோ கிளறினார்கள்.
"சுட்டப்படுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா,
யார் தன்னைச் சுட்டுகிறார் என்று?
ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்த உறவுக்கு என்ன பெயர்?"
இது யூஸ்டைன் குவாம்மெயின் கட்சி.
"தெரியாமலே இருக்கட்டும்.
அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் வளராது.
உடைந்தால் உடையட்டும்."
இது ரன்வைக்.
பெயர் மறைத்த மதிப்பாய்வில்
இவர் கட்டுரையை அவரும் அவர் கட்டுரையை இவரும்
மாற்றி மாற்றி நிராகரித்திருக்கிறார்கள்.
காற்புள்ளி விழும் இடத்தை வைத்தே
இன்னார் என்று கண்டுகொள்வார்களாம்.
என் மொழியில் தொடுப்பு என்றால்
ஊர் அறியாத உறவு என்றும் ஒரு பொருள் உண்டு.
நான் அதை அங்கே சொல்லவில்லை.

சொல்லவில்லை என்றால் இல்லை என்றாகிவிடுமா?
இப்படி யாராவது கேட்டால்
யூஸ்டைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
பதில் சொல்வார்:



ஒன்பது வருடம் ஆகிறது.

துறையின் நிலவறையில், சுடுநீர்க் குழாயை ஒட்டி
'அணைக்காதீர்' என்று ஒட்டிய ஒரு பழைய பெட்டி
இன்னும் மூச்சு விடுகிறது.
அதற்குள் அவருடைய பக்கம்.
சாம்பல் பின்னணி, ஏழு தொடுப்புகள்.
ஐந்து போய்விட்டன.
ஆறாவது, ஒரு படகின் நேர அட்டவணை;
அந்த நீரின் மேல் இப்போது பாலம்.
ஏழாவது ஒற்றைச் சொல்: 'மறுப்பவள்'.
அது சுட்டுவது ரன்வைக்கின் பழைய முகவரியை,
வேலை மாறியபோது தானே அழித்துவிட்டுப் போன பக்கத்தை.
கடைசியாய்த் திருத்திய தேதி
மரணத்துக்கு ஐந்து வாரம் முன்பு.
அவருடைய அட்டவணையில் அது
வரிசை 2207, நிலை: இறந்தது.

நிலவறைக்கு நானும் கூடப் போனேன்.
தொழில்நுட்பர் சிந்த்ரெ ஸ்வெட்டர் கையை
முழங்கைவரை ஏற்றிக்கொண்டு கேட்டான்,
"பக்கத்தில் என்ன எழுத?"
"ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு தொடுப்பு.
அவன் பக்கத்துக்கு."
"எந்தச் சொல்லில் வைக்க?"
குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.
இவர் எத்தனை நேரம் யோசித்தார் என்று
நான் அளக்கவில்லை;
நாங்கள் எல்லாவற்றையும் அளப்பவர்கள்தான்.
"சொல் வேண்டாம்," என்றார்.
"ஒரு காற்புள்ளியில் வை."

வைத்தான்.
வெள்ளைத் திரையின் நடுவில்
கொசு உட்கார்ந்த மாதிரி, நீல நிறத்தில்.

அக்டோபரில் கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தது.
அடிக்குறிப்பு 14:
'வரிசை 2207 அளவிட்டபோது இறந்திருந்தது.
பிறகு ஆய்வாளர் தலையிட்டார்.
கணக்கில் சேர்க்கவில்லை.'

மூன்றாம் மதிப்பாய்வாளர் நான்தான்.
காரணம் சொல்லாத தலையீட்டுக்கு
விளக்கம் கேட்க வேண்டும், விதி அப்படி.
இரண்டாம் படத்தின் அச்சுகளைத் திருத்தச் சொன்னேன்.
முடிவுரை நீளம் என்றேன்.
பதினான்காம் குறிப்பில் ஒரு காற்புள்ளிகூட இல்லை;
கவனித்தேன், எழுதவில்லை.
ஏற்கலாம் என்று அழுத்திவிட்டு நிமிர்ந்தால்
சன்னலுக்கு வெளியே
மழை.