இருபத்திரண்டு படிகள்

கருங்கல் சந்தையில் வாழைக்குலை ஏற்றுகிற ஆறு பேர்
வடம் கட்டி என் நாற்காலியை மாடிக்கு ஏற்றினார்கள்.
"இதென்ன டாக்டரே, கப்பல் சீட்டா?" என்றார் பங்கிராஸ்.
எழுபத்திரண்டு தவணை என்று நான் சொல்லவில்லை.
பேசிய கூலிக்கு மேல் நூறு ரூபாய்
யோசிக்காமல் கொடுத்துவிட்டு
இரவெல்லாம் யோசித்தேன்.

முதல் நாள் படியேறியது மூன்று பேர்.
ஜெராக்ஸ் கடை எங்கே என்று ஒருவர்.
கொடை வரி ரசீதோடு ஒருவர்.
மீட்டர் பார்க்க ஒருவர்.
சாயங்காலம்
எந்த வாய்க்குள்ளும் போகாத கண்ணாடியை
மறுபடி ஆவியில் வைத்தேன்.

பிறகு வந்தார்கள். பையப் பைய.
தையல்காரியின் முன்பல்லில் நூல் அறுத்த பள்ளம்.
ஆணியைக் கடித்து நிறுத்தும் ஆசாரிக்கு
உளி விழுந்த மாதிரி ஒரு மூலை.
ரப்பர் வெட்டுகிறவரின் பற்களில்
விடியுமுன் குடித்த கட்டன் சாயாவின் கறை.
பெயர் கேட்குமுன்
தொழில் தெரிந்துவிடுகிறது எனக்கு.

பங்கிராஸ் வந்தது பத்தாம் மாதம்.
கீழ்க் கடைவாய், வெற்றிலைச் சிவப்பு.
"பிடுங்கிப் போடுங்க, நாளைக்கு லோடு உண்டு."
காப்பாற்றலாம், மூன்று தடவை வரணும் என்றேன்.
"மூணு நாள் கூலி யாரு தருவா?"
ஐந்து வருடப் பாடத்தில்
அதற்கு விடை இல்லை.
பிடுங்கினேன்.
வேரின் நுனி உடைந்து உள்ளே நின்றது.

ஒரு அரிசிக் குருணை அளவுதான்.
பலருக்கு ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும்.
பஞ்சைக் கடித்தபடி
அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.
சொன்னேன்.
திரும்ப வந்து படுத்தார்.
நாற்பது நிமிடம். பாதியில் கரண்டு போயிற்று.
டெல்சி மொபைல் வெளிச்சம் பிடிக்க
என் வியர்வை ஒரு சொட்டு அவர் காதில் விழுந்தது.
குருணையை உள்ளங்கையில் வாங்கி
"இம்புட்டுதானா?" என்று
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரவு ஒன்பதரைக்குப் பொறுக்காமல் போன் பண்ணினேன்.
எடுத்தது அவர் மனைவி செறியபுஷ்பம்.
"டாக்டரு நேரா விளிக்குதா?
கஞ்சி குடிச்சாச்சு. உறங்குது."

அன்றிலிருந்து ஒரு நோட்டு,
பிடுங்கிய பல்லுக்கெல்லாம் ஒரு போன்.
கடன்காரர் என்று நினைத்துச் சிலர் எடுப்பதில்லை.
குளச்சல்காரர் ஒருவர் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே
"வலியும் இல்ல, மீனும் இல்ல" என்று
வைத்துவிட்டார்.

கூடப் படித்த ஹர்ஷினிக்குச் சென்னையில் நான்கு கிளை.
கண்ணாடிக் கதவு, மீன்தொட்டி, லிஃப்ட்.
பொறாமை இல்லை என்றால் பொய்.
மார்ச்சில் கம்ப்ரசர் படுத்தபோது
அவளிடம் வேலை கேட்டு ஒரு மெயில் எழுதினேன்.
அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.

முட்டுவலிக்காரர்களுக்கு இந்தப் படிகள் மலை.
வியாழக்கிழமை நான் இறங்குகிறேன்.
வாழைக்கடை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி,
தொங்கும் செந்துளுவன் குலைகளுக்குக் கீழே
பல்செட்டுக்கு அளவு எடுக்கிறேன்.
வாயில் அச்சோடு ஒருவர் அண்ணாந்திருக்க
குலைக்கு விலை பேசுகிறவர்கள் சற்றுக் குரல் தாழ்த்துவார்கள்.

அண்டி ஆபீஸ் தங்கலெட்சுமி
புதுப் பல் போட்டதும் கேட்ட முதல் கேள்வி:
"முந்திரிக்கொத்து கடிக்கலாமா?"
ஆறு வாரம் போகட்டும் என்றேன்.

இரண்டாவது வாரமே வந்தாள்.
கைக்குட்டையை அவிழ்த்தாள்,
இரண்டு துண்டு.
பொக்கை வாயைப் பொத்தாமல்
சந்தை நடுவே நின்று சிரித்தாள்.
"ருசியா இருந்துச்சு கேட்டியளா."

காசு வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.
ஐந்தாம் தேதி தவணை ஓர்மை வந்தது.

பாதி வாங்கினேன்.