வறுத்த மணல்

கீரிப்பாறை டிப்போவில் எஞ்சினுக்கு மூன்று தீனி:
விறகு, வெள்ளம், மணல்.
முதல் இரண்டும் என் பாடு.
மூன்றாவது பிராஞ்சியாள்.

மணவாளக்குறிச்சிக் கடலோரத்திலிருந்து
காளை வண்டியில் வரும் அந்தக் கருமணல்.
பாதி எள், பாதி உடைந்த கண்ணாடி.
இரும்புச் சட்டியில் கொட்டி
நிலக்கடலை வறுப்பதுபோல் வறுப்பாள்,
ஈரம் செத்து அகப்பையோடு அது சரசரவென்று பேசும்வரை.
பிறகு கூடையோடு எஞ்சின் முதுகில் ஏறி
மணல்பெட்டியில் சாய்ப்பாள்.
இறங்கும்போது என்னிடம் ஒரே கேள்வி:
"இண்ணைக்கு யாரைத் தின்னுது உன் பூதம்?"

யாரை என்று சொல்ல.
இழுப்பது மரம், எரிப்பதும் மரம்.
கோங்கின் உடல் பின்னால் வண்டியில்,
அதன் கைகள் என் கையில்.
வேங்கைத் துண்டை எறிந்தால்
வெட்டுவாயில் சிவப்பாய் நுரைத்துவிட்டுத்தான் பற்றும்.
முதல் மாசம் அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு
ஆற்றைப் பார்ப்பேன்.
இப்போது எது எத்தனை நேரம் நிற்கும் என்று மட்டும் பார்க்கிறேன்.

ஆனி. சாரல் மூன்று நாளாய் விட்டபாடில்லை.
காளிகேசத்திலிருந்து ஏழு தடி.
கணுக்காலில் அட்டைகள், பிடுங்க நேரமில்லை.
ஓட்டுகிறவர் யோபுதாஸ், குழித்துறைக்காரர்,
ஏற்றம் வருமுன் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிக்கொள்வார்.
திருப்பினார். மணல் கம்பியை இழுத்தார்.
ஒன்றும் விழவில்லை.

சக்கரங்கள் நின்ற இடத்திலேயே
பைத்தியம்போல் சுழன்றன.
தண்டவாளம் எண்ணெய் தடவிய விலாங்கு.
புகைபோக்கி விக்கிற்று, விக்கிற்று,
பிறகு இருமல் மட்டும்.

நான் மேலேறிப் பெட்டியைத் திறந்தேன்.
அடியில் ஒரு கை மணல்.
அதன்மேல் ஒரு தவளை.

"ஆவி இருக்கிறவரை பிரேக் இருக்கும்" என்றார் யோபுதாஸ்,
"பிரேக் இருக்கிறவரை நான் இருப்பேன்.
நீ ஓடு."

ஓடினேன். இரண்டு மைல், வழுக்கி வழுக்கி.
பிராஞ்சியாள் அணைந்த அடுப்பின் முன்னால்
வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.
சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.
"பதினெட்டு நாள் கூலி.
நாளுக்கு மூணு சக்கரம்.
இங்கே சக்கரம் வரட்டும் மக்கா,
அங்கே சக்கரம் உருளும்."

குட்டன் பிள்ளைக்குக் கணக்கு தெரியும், ஆனால்
துரை வந்தால்தான் பெட்டி திறக்குமாம்.
ஓடையையும் யோபுதாஸையும் ஏழு தடியையும்
நான் சொன்ன பிறகு
துரை வராமலே திறந்தது.
குழி வைத்த பலகையில் காசைக் கொட்டி
ஒரே ஆட்டு, குழிக்கு ஒரு சக்கரம்.
ஐம்பத்துநாலு.
அவள் பலகையை நம்பவில்லை.
முந்தானையில் போட்டு ஒவ்வொன்றாய் மறுபடி எண்ணினாள்.
நான் மலையைப் பார்த்தேன்.
புகை தெரிகிறதா, இல்லை மேகமா?

பிறகு அடுப்பு மூட்டினாள்.
மணல் வறுபட அரை நாழிகை.
சூடாகவே சாக்கில் கட்டி ஆளுக்கொன்று சுமந்தோம்.
முதுகு வெந்தது. அவளும் ஏறி வந்தாள்,
"என் மணல் எனக்குத்தான் கேக்கும்" என்று.

மேலே விறகு தீர்ந்திருந்தது.
யோபுதாஸ் சட்டையைக் கழற்றிவிட்டுக்
கடைசி வண்டியில் கோடாலியோடு நின்றார்.
ஏழாம் தடியின் நுனி
நாய் கடித்த எலும்புபோல்.
பச்சை மரம் அழுது அழுது எரிந்திருக்கிறது;
அவர் கண்ணும் சிவந்திருந்தது.
பிரேக் மட்டும் விடவில்லை.

பிராஞ்சியாள் தண்டவாளத்தின் முன்னால் குனிந்து
கோலம் இடுகிறவள்போல் விரலிடுக்கில் மணலை ஒழுகவிட்டாள்.
சக்கரம் ஒருமுறை நறநறத்தது.
கடித்தது.
நகர்ந்தது.
அவள் பின்னால் நடந்துகொண்டே
மணலைத் தூவிக்கொண்டே போனாள், ஏற்றம் முடியும்வரை.

அன்றிரவு குட்டன் பிள்ளை அளவுகோலோடு வந்தார்.
மூன்று முறை அளந்தார்.
பேரேட்டில் எழுதியதை நான் தோளுக்கு மேலாய் எட்டிப் படித்தேன்:

ஏழாம் தடி, கோங்கு. ரெண்டே முக்கால் முழம் குறைவு.
காரணம்: மழை.