எந்தப் பக்கம்

டெஸ்மன்,
நீ வராத நாலாவது சனிக்கிழமை இது.
உன் கதிரையில் இப்போது
றொக்சியின் தம்பி காலாட்டிக்கொண்டிருக்கிறான்.
ஒருவரும் தேடவில்லை என்று நினைக்காதே,
தேடினால் நீ கோபிப்பாய் என்றுதான்.

எனக்கும் அலுப்புத்தான்.
அந்தப் புத்தகத்தின் தாள் மெல்லிசு, எழுத்து எறும்பு.
திறந்த இடத்தில் யாரோ யாரையோ பெற்றான்,
அவன் இன்னொருவனை.
உறுதிபூசுதல் அன்று நெற்றியில் எண்ணெய் மினுங்க
எல்லோரும் ஒரே மூச்சில் விசுவசிக்கிறோம் என்றோம்.
எதை என்று நாங்களும் கேட்கவில்லை.
பிறகு ஓ.எல். வந்தது, ரியூசன் வந்தது,
கணக்குக்கு ஒரு கொப்பி, விஞ்ஞானத்துக்கு இரண்டு,
கடவுளுக்கு ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம்.
அதிலும் பாதி கொட்டாவி.

போன கிழமை வாசிக்கிற முறை எனக்கு.
பிழை விட்டால் பெடியள் சிரிப்பாங்கள் என்று
வெள்ளியிரவு, வாடிக்குப் பின்னால்,
போன் வெளிச்சத்தில் ஒருக்கால் வாசித்துப் பார்த்தேன்.
இராமுழுக்க வலை போட்டும்
ஒன்றும் படாத ஆட்கள்.
விடியக் கரையில் நின்ற ஒருவர்
ஏதும் பட்டதோ என்கிறார்.
இல்லை என்கிறார்கள்.
அவ்வளவுதான்.

அந்த 'இல்லை'யை எனக்குத் தெரியும், டெஸ்மன்.
அப்பா மூன்று நாளாய் அதைத்தான் கொண்டுவருகிறார்.
படகால் அவர் இறங்குகிற விதத்தைப் பார்த்தே
அம்மா அடுப்பைத் தணித்துவிடுவா.
படாத வலையையும் கழுவத்தான் வேணும்.
சாதாளை பிடுங்கி, ஊரி தட்டி,
நண்டு அறுத்த கண்ணியைப் பொத்தி.
மீன் பட்ட நாளில் விரல் நோகிறதில்லை,
வெறும் வலையில்தான்
உப்பு காயத்தைக் கண்டுபிடிக்கும்.
இதொன்றும் அந்தப் பக்கத்தில் எழுதியில்லை.
ஆனாலும் அந்த வரிக்குள் எல்லாம் கிடந்தது.
பாசையூரில் பிறந்ததால்
எனக்கு அது கொஞ்சம் கூடுதலாய் வாசிக்க வருகிறது.
உனக்கு என்னைவிடவும் வரும்.

அடுத்த நாள் கூட்டத்தில் வாசித்தேன்.
ஒரு சொல்லில் இடறினேன், ஒருவரும் சிரிக்கவில்லை.
அவங்களுக்கு மட்டும் வலை நிரம்பிச்சு,
எங்கட ஆக்களுக்கு ஏன் இல்லை
என்று றொக்சி கேட்டாள்.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
விடை வரவில்லை.
ஆனால் கூட்டம் முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை.
சைக்கிள் பூட்டைத் திறக்காமல்
மதிலடியில் நின்றும் அதையே கதைத்தோம்.
இங்கே கேள்விக்கு மாக்ஸ் வெட்டுகிறதில்லையடா.

உன் அண்ணனின் வலையை
இழுவைப் படகு வாரிக்கொண்டு போன இரவு
கடவுளுக்கு நித்திரை என்றாயே,
அதுவும் அங்கே இருக்கிறது. தேடி எடுத்தேன்.
கடல் கொந்தளிக்கப் பின்னணியத்தில்
தலையணை வைத்து நித்திரை.
கும்பிட்டு எழுப்பவில்லை அவர்கள்,
நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையோ என்று
ஏசித்தான் எழுப்பினார்கள்.
அந்த ஏச்சையும் அழிக்காமல்
எழுதி வைத்திருக்கிறார்கள்.
நீ இன்னும் ஏசி முடிக்கவில்லை என்றால்
ஏசிக்கொண்டே வா.

நேற்று இரவு அந்தப் பக்கத்தைப்
படம் எடுத்து உனக்கு அனுப்பினேன்.
நீலக் கோடு விழவில்லை.
சரி, கடலில் நிற்கிறாய் என்று படுத்துவிட்டேன்.

விடிய ஐந்து பத்துக்கு உன் பதில்:
"வலப்பக்கம் போடச் சொல்லியிருக்கு.
அணியத்தைப் பாத்து நிண்டோ, கரையைப் பாத்து நிண்டோ?
அண்டைக்குக் காத்து எங்கால?"

பல் தீட்டாமல் நாலு தரம் வாசித்தேன்.
காற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இத்தனை வருசம் இந்தக் கோயிலில்
ஒருவருக்கும் இது தோன்றியிராது.

சனிக்கிழமை நாலு மணி.
றொக்சியின் தம்பியை எழுப்பிவிடுகிறேன்.
நீ வந்து கேள்.