ஒரே சாக்கு

கோண்டாவில் ஆலையில்
காலமை சிவப்புப் பைக்கற்,
பின்னேரம் சுப்பர் மார்க்கெற்றின்ர வெள்ளை.
சாக்கு ஒண்டுதான்,
மிளகாய்த்தூளும் அதேதான்.
ரெண்டுக்கும் நான்தான் ஒட்டுறன்.

சனிக்கிழமை,
திருநெல்வேலிக் கடை ராக்கையடியில்
ஒரு அக்கா கேட்டா:
“தங்கச்சி, எது நல்லது?”
நூற்றி நாற்பது ரூபா வித்தியாசம்.
சொல்ல வாயெடுத்தன்.
சுப்பவைசர் மரியநாயகத்தின்ர முகம்
குறுக்கால வந்திட்டுது.
“உங்கட விருப்பம்” எண்டன்.
சிவப்பை எடுத்துக்கொண்டு போனா.

வெள்ளையைத் திருப்பிப் பார்த்தன்.
ஓரம் கோணிக் கிடக்கு.
நாலு மணிக்குப் பிறகு
என்ர கை ஒட்டினது.
அதையே எடுத்தன்.

மிஞ்சின காசுக்கு
ரீவியில் வாற சவுக்காரம் ஒண்டு.
எந்த ஆலையில்
எவள் சுத்தினாளோ,
தெரியாது.
அதாலதான் போல,
நல்லா மணக்குது.