ஆறாம் படி

செராஸ் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
காந்தக் குழாய்க்கு வருஷம் முழுக்க மார்கழி.
பதினேழு வயதுக்குட்பட்டோர் காற்பந்துக்கு
இன்னும் நாலே நாள்.
ஒரு பேருந்து நிறையப் பையன்கள் வந்திறங்கி
சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.
பெயர் கேட்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.
எண் மட்டும்.
இடது மணிக்கட்டு மட்டும்.

சங்கிலி, சாவி, காசு, கைப்பேசி
எல்லாம் தட்டில் போடு என்று சைகை காட்டுகிறேன்.
ஒருவன் மட்டும் கையை மறைக்கிறான்.
பார்த்தால் ஒரு கறுப்புக் கயிறு.
கயிற்றில் ஏது இரும்பு, இருக்கட்டும் என்றேன்.
சிரித்தான்.
பென்சிலால் இழுத்துவிட்டது போல் மீசை.
எண் பதினான்கு.

குழாய்க்குள் டக் டக் டக் என்று சத்தம் எழுந்ததும்
அவன் கால் அதற்குத் தாளம் போட ஆரம்பித்தது.
ஒலிபெருக்கியில் மலாயில் சொன்னேன்,
ஆங்கிலத்தில் சொன்னேன்,
கடைசியில் எரிச்சலில்
‘அட, ஆடாம கெடடா’ என்றேன்.
தமிழுக்கு அடங்கினான்.

ஆரை எலும்பின் நுனியில்
ஒரு கறுத்த கோடு இருக்க வேண்டும்.
உயரமெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான்
உடம்புக்குள் வருகிறது.
வந்து முடிந்ததும்
எலும்பு தானே பூட்டிக்கொள்ளும்.
ஒன்றிலிருந்து ஆறு வரை படி.
ஆறு என்றால் கோடே இல்லை.

பதினான்குக்குக் கோடு இல்லை.

படம் எடுப்பது நான், படி எழுதுவது டாக்டர் நோர்ஹைனி.
மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துவிட்டு எழுதினார்.
நூற்றில் ஒருவனுக்கு முன்னாலேயே மூடிவிடுமாம்.
அந்த ஒருவன் இவன்தானா என்று
எலும்பு சொல்வதில்லை.
வெளியே வந்தவன் கட்டைவிரலை உயர்த்தி
‘சரியா?’ என்று கண்ணால் கேட்டான்.
தலையை ஆட்டினேன்.
நல்லவேளை, நம் தலையாட்டலில்
ஆமாமும் இல்லையும் ஒன்றுதான்.

என் அண்ணன் புவனேந்திரனுக்கு
எல்லாக் கோடும் திறந்துதான் கிடந்தன.
பதினாறு வயது. செந்தூல் திடலில்
அவன் இடது காலை மறிக்க ஆளில்லை.
இளையோர் அணிக்கு ஆள் பார்க்க வந்தவர்
பந்தைக் கூடப் பிறகுதான் கேட்டார்.
முதலில் கேட்டது ஒரு தாள்.

அம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது:
ஆடி மாசம், பேய் மழை,
எதிர் வரிசை வீட்டில் கல்யாணச் சாப்பாடு,
பாதிப் பந்தியில் வலி.
பதிவிலாகாவில் மழைக்கு முத்திரை இல்லை.
வருஷக் கணக்கில் நடந்து
கடைசியில் கிடைத்தது சிவப்பு அட்டை.
நடுவர் நீட்டுவது இல்லை,
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
போலீஸ் கேட்டால் நீட்டுவது.
ஒரு ஆட்டம் ஆடாமலே.

ஊழியர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு கொடுத்தார்கள்.
புக்கிட் ஜாலிலில் மேல்வரிசை.
கிள்ளானில் லாரியை நிறுத்திவிட்டு
அண்ணன் நேராக வந்திருந்தான், டீசல் வாசத்தோடு.
யார் ஜெயித்தாலும் கத்துவேன் என்றான், கத்தினான்.
இடது பக்கம் பந்து வரும்போதெல்லாம்
முன்னிருக்கையை உதைத்தான்.
முன்னால் இருந்த சீனக் கிழவர்
மூன்றாம் உதைக்கு மேல் திரும்பவே இல்லை.

அறுபதாவது நிமிஷம் ஒரு பதினான்கு உள்ளே இறங்கினான்.
மீசை இல்லை, கயிறு இல்லை.
சட்டை தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது.

‘அந்தப் பதினாலப் பாரு.
யார் சட்டையையோ போட்டுக்கிட்டு வந்துட்டான்.’

ரகசியம் காப்பேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து
அண்ணன் பக்கம் நீட்டினேன்.
வாங்க நீண்டது இடது கை.