ஐந்துக்கு நான்கு

ஐந்துக்கு நான்கு.
ஜூலை மாத இரவொன்றில், கொட்டாஞ்சேனையில்,
கரண்ட் போய் வந்த கையோடு
திரையில் விழுந்தது என் நுண்கணிதம்.

மே மாதம் கொள்ளுப்பிட்டியில்
ஏசி உறைந்த மாடியொன்றில் பதினொரு பேர் எழுதினோம்.
மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
கீழே காலி வீதியில் பாணந்துறை பஸ்
யாரையோ திட்டிக்கொண்டு போனது.
தொகையீட்டின் கடைசியில் மாறிலியைப் போட மறந்தேன் என்பது
படியிறங்கும்போது, ஒன்பதாவது படியில்,
ஞாபகம் வந்தது.

அப்பா பழைய சோனகத் தெருவில்
ஸவாஹிர் ஹாஜியாரின் இரும்புக் கடையில் கணக்குப்பிள்ளை.
கிரெடிட் என்று நான் தொடங்கியதும்
"ஆருக்கு, எவ்வளவு?" என்றார்.
அவருக்கு அது சிவப்பு மட்டைக் கொப்பி,
கல்லாவுக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும்
கடன் அன்பை முறிக்கும்.
இல்லை, இது அவர்கள் எனக்குத் தருவது, என்றேன்.
அங்கே போகுமுன்பே ஒரு பாடத்தை
முடித்துவிட்டதாக எழுதிக்கொள்வது.
"எழுதினா?"
அந்தப் பாடத்துக்குக் கட்ட வேண்டிய காசு மிச்சம்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப எந்தக் கடை இத வாங்கும்?"

பனி பெய்யும் ஊரிலிருப்பது
மூன்று எடுத்திருந்தாலே எட்டுத் தருவேன் என்கிறது.
ஆற்றங்கரையில் இருப்பது
நான்குக்கு நான்கு, அதற்கு மேல் பேச்சில்லை.
பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டு ஜசிந்தா அக்கா
நெஞ்சில் கை வைக்கும் ஒன்றுக்கு
ஐந்துக்குக் கீழே எண்களே கிடையாது.
இன்னொன்று பணிவாக எழுதியது:
உங்கள் நான்கை ஏற்கிறோம், வாழ்த்துகள்,
ஆனால் பொறியியல் பட்டத்துக்கு அது எண்ணப்படாது.
ஏற்று, எங்கே வைப்பார்களாம்?

எனக்கு இது புதிதுமில்லை.
ஏ.எல். பெறுபேறு வந்த வருடம்
கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி
என் தலைக்கு மேலே
தசம் பூச்சியம் எட்டு உயரத்தில் நின்றது.
முல்லைத்தீவில் பெரியம்மாவின் அகல்யன்
என்னிலும் குறைவு; மொறட்டுவைக்கு எடுபட்டான்.
அவன் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருடம்
பௌதிகவியலுக்கு ஆளில்லை.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்ததால் கோபப்படவும் வழியில்லாமல் போனது.
வாழ்த்துச் சொல்ல மூன்று நாள் எடுத்தேன்.
நெட்வேர்க் சரியில்லை என்று பொய் சொன்னேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில்
அவன் கட்டுபெத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறான்,
வெள்ளவத்தையில் வாங்கிய ரோல்ஸ் எண்ணெய்ப் பையோடு.
முதல் செமஸ்டர் கணிதம் காலை வாரிவிட்டதாம்.
எங்கள் சாப்பாட்டு மேசையில்,
பிளாஸ்டிக் விரிப்பில் பேனை பதியப் பதிய,
பகுதி பகுதியாகத் தொகையிடச் சொல்லித் தருகிறேன்.
கதவுக்கு வெளியே நிற்கிறவள்
உள்ளே இருப்பவனுக்கு.
இதற்கு ஒரு கிரெடிட்டும் இல்லை.
ரோல்ஸ் மட்டும், அதுவும் ஆறியது.

போன கிழமை மெசேஜ் அனுப்பியிருந்தான்:
பாஸ். மாறிலியை மறக்கவில்லை.
சிரித்தேன் என்றுதான் பதில் போட்டேன்.

பனி ஊருக்குப் பணம் கட்ட முடிவெடுத்தோம்,
எட்டுக்காக.
குளிருக்கு என்ன செய்வாய் என்று அம்மா கேட்கிறாள்,
எட்டையே போர்த்திக்கொள்வேன் என்கிறேன்.
மே மாதம் இன்னொரு தடவை எழுதலாமா
என்று ஓர் எலி உள்ளே கறண்டுகொண்டே இருக்கிறது;
அதன் கட்டணத்தையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று ஹாஜியார் சிவப்புக் கொப்பியைப் புரட்டினாராம்.
கடைசிப் பக்கத்தில், அப்பாவின் சாய்ந்த எழுத்தில்,
திகதி இல்லை, சாமான் இல்லை,
என் பெயருக்கு நேரே
வரவேண்டியது: 8.
"சவரி, இது என்ன, ஆணியா, போல்ட்டா?
எட்டு என்டா எட்டு என்ன?"
அப்பா சொன்னது எனக்குத் தெரியாது.
அந்த நேரம் பார்த்து
ஒருவர் பொருந்தாத நட்டு ஒன்றைத்
திருப்பிக் கொடுக்க வந்துவிட்டாராம்.